கொடைக்கானல் குடும்ப கோல்ஃப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து வருகிற சனி, ஞாயிறு கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் நம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூடி ஆடுகிறோம். மார்கழி பிறந்ததுமே இதைப் பற்றிய சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். போனில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடி கேட்கிறார்கள், ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்கிறார்கள். அதனால் அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் மேலிருந்து படியுங்கள். ஆடிப் பழகியவர்கள் நடுவிலிருந்து தொடங்கினால் போதும், மனஸ்தாபம் வருகிற விஷயங்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அத்தை, நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்ல. நானும் வரலாமா?

தாராளமாக வா. சனிக்கிழமை ஆட்டத்தை உன்னை மாதிரி ஆட்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம். அதற்கு ஸ்க்ராம்பிள் என்று பெயர். நாலு பேர் ஓர் அணி. நாலு பேரும் அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்திருக்கிறதோ அங்கே எல்லாரும் போய், அங்கிருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பார்கள். குழியில் பந்து விழும்வரை இப்படியே போகும். உன் பந்து பத்தடிதான் உருண்டது என்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. குழிக்குப் பக்கத்தில் நீ தட்டிவிட்டது உள்ளே போனால் மொத்த அணிக்கும் லாபம்.

வருவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி செய். தரையில் ஜமக்காளம் விரித்து, ஒரு தம்ளரைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆறடி தூரத்திலிருந்து பந்தை அதற்குள் உருட்டிப் பார். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். தம்ளரில் போட்டுப் பழகிய கைக்கு மைதானத்துக் குழி பெரிதாகத் தெரியும்.

யார் நிறைய அடிக்கிறாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்களா?

இல்லை, குறைவான அடிகளில் முடிப்பவர்தான். ஒவ்வொரு குழிக்கும் நன்றாக ஆடுகிறவருக்கு எத்தனை அடி தேவைப்படும் என்று ஓர் எண் உண்டு, அதுதான் பார். மூன்று, நாலு, ஐந்து என்று இருக்கும். அதைவிட ஒன்று குறைவாக அடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. இவ்வளவு தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும்.

ரெண்டு நாளும் என்னென்ன நடக்கும்?

சனிக்கிழமை மதியம் ஒன்பது குழி ஸ்க்ராம்பிள். மாலையில் பயிற்சி கிரீனில் (கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பட்டிங் போட்டி, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்டுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினெட்டு குழி தனிநபர் ஆட்டம், ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற பாயிண்ட் முறையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிசு. ஆடாதவர்கள் சனி மாலையும் ஞாயிறு சாப்பாட்டுக்கும் வந்தாலே சந்தோஷம்.

மதினி, செலவு எவ்வளவு ஆகும்? மட்டை செட் வாங்கணுமா?

வாங்கவே வேண்டாம். ஒரு செட் வாங்குகிற காசில் குடும்பத்தோடு கொடைக்கானலில் நன்றாகத் தங்கிவிட்டு வரலாம். நம்மில் ஆடுகிறவர்கள் பழைய மட்டைகளைக் கொண்டுவருகிறார்கள். புதியவருக்கு நடுத்தர தூரம் அடிக்க ஏழாம் நம்பர் அயர்ன், கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்க ஒரு வெட்ஜ், கிரீனில் உருட்ட ஒரு பட்டர், இந்த மூன்று மட்டையும் போதும்.

மைதானக் கட்டணம், மட்டைப் பையைத் தூக்கி வழிகாட்டும் கேடிகளின் கூலி, சாப்பாடு மூன்றையும் தனித்தனியாகக் கணக்கு எழுதி, அந்தந்தச் செலவை அதில் பங்கெடுப்பவர்கள் மட்டும் பிரித்துக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர் மைதானக் கட்டணத்தில் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கிளப் உறுப்பினர்களுக்கும் விருந்தினர்களுக்கும் கட்டணம் வேறுபடும், அந்த வருடத் தொகையைக் கிளப்பில் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என்ன டிரஸ் போடணும்?

காலர் வைத்த சட்டை, சாதாரண பேன்ட். ஜீன்ஸும் காலர் இல்லாத டி-ஷர்ட்டும் வேண்டாம், பெரும்பாலான கோல்ஃப் கிளப்புகளில் விடமாட்டார்கள். பெண்கள் சல்வாரோ டிராக் பேன்ட்டோ போடலாம். சேலையில் முழு வீச்சு வீசுவது கஷ்டம், பட்டிங் போட்டிக்குப் பிரச்சினை இல்லை.

கோல்ஃப் ஷூ இல்லாவிட்டால் பிடிமானம் உள்ள ரப்பர் அடி ஷூ போதும், ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், கிரீன் கெட்டுப்போகும். காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், பத்து மணிக்கு மேல் அதைக் கழற்றத் தோன்றும். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடுப்பாகப் போட்டு வாருங்கள்.

மே மாசம் வச்சா பிள்ளைங்களுக்கு லீவு இருக்குமே அக்கா, எதுக்கு ஜனவரி?

மே மாதத்தில் மலைப்பாதையில் வண்டிகள் நகராது, அறை வாடகையும் ஏறிப்போகும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழையெல்லாம் ஓய்ந்து, வானம் தெளிந்து, பகலில் நல்ல வெயில் கிடைக்கிற மாதம் ஜனவரிதான்.

அதில் ஒரு சிரமம் உண்டு. ஜனவரி விடியற்காலையில் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்போது கிரீனில் நடந்தால் உறைந்த புல் நசுங்கி, மிதித்த தடம் கருகிவிடும். அதனால்தான் ஆறு மணிக்கே வந்து நிற்கிறவர்களையும் வெயில் ஏறி, மைதான ஊழியர்கள் சரி என்று சொன்ன பிறகே ஆட விடுகிறோம்.

எப்படி வர்றது? இ-பாஸ் எல்லாம் வேணுமா?

ரயிலில் வருகிறவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறலாம். கோவைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பழனி மலைப்பாதை கிட்டம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். மைதானம் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பசுமைப் பள்ளத்தாக்கு காட்சிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மலையில பந்து ரொம்ப தூரம் போகுமாமே, நிஜமா?

நிஜம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பந்தைப் பிடித்து இழுக்கிற தடையும் குறைவு. சென்னையில் 150 கெஜம் போகிற அடி இங்கே 160ஐத் தொடும். சென்னைக்காரர்கள் முதல் இரண்டு மூன்று குழிகளில் கிரீனைத் தாண்டி அடிப்பது இதனால்தான். மட்டையின் நம்பர் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையும், அதனால் ஒரு நம்பர் கூடுதலான மட்டையை எடுங்கள். ஏழாம் நம்பர் எடுக்கிற இடத்தில் எட்டு.

விடியற்காலைக் குளிரில் இந்த லாபத்தில் கொஞ்சம் போய்விடும். குளிர்ந்த பந்து மட்டையிலிருந்து அவ்வளவு வேகமாகத் துள்ளாது. மாற்றுப் பந்தைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் இருக்கும்.

ஹேண்டிகேப்னு சொல்றீங்களே, அது என்ன பெரியம்மா?

ஒருவர் பார் கணக்கைவிட எத்தனை அடி கூடுதலாக ஆடக்கூடியவர் என்பதைக் காட்டும் எண். இருபது ஹேண்டிகேப் உள்ளவர் பதினெட்டு குழிக்கும் சேர்த்து இருபது அடியைக் கழித்துக்கொள்ளலாம். ஐந்து உள்ளவர் ஐந்தைத்தான் கழிக்கலாம். மருமகனும் மாமனாரும் ஒரே ஆட்டத்தில் உண்மையாகவே போட்டி போட முடிவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான். வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு நேர்த்தியாக இது அமைந்து நான் பார்த்ததில்லை.

2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதிகபட்சம் 54. இந்தியாவில் இதை இந்திய கோல்ஃப் யூனியன் கவனிக்கிறது, உங்கள் கிளப் மூலமாகப் பதிவு செய்யலாம். மைதானத்தின் கடினத்துக்கு ஏற்ப அந்த எண் சற்றுக் கூடும் குறையும், அந்தக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

ஞாயித்துக்கிழமை ஸ்டேபிள்ஃபோர்டுன்னா பாயிண்ட் எப்படி வரும்?

ஹேண்டிகேப் அடிகளைக் கழித்தபின் அந்தக் குழியை பாரில் முடித்தால் 2 பாயிண்ட். பாரைவிட ஒன்று கூடினால் 1, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். ஒன்று குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. அதிகப் பாயிண்ட் வாங்கியவர் வெற்றி.

ஓர் உதாரணம். உன் ஹேண்டிகேப் இருபது. குழிகளைக் கடினத்தின்படி ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசைப்படுத்தி, அடிகளை எழுதும் அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். உனக்கு எல்லாக் குழியிலும் ஒவ்வோர் அடி கழிவு, மிகக் கடினமான இரண்டு குழிகளில் மட்டும் இரண்டிரண்டு. ஏழாவது கடினமான பார் நாலு குழியில் நீ ஆறு அடித்தாய் என்றால், கழித்தபின் ஐந்து, எனவே 1 பாயிண்ட். மிகக் கடினமான குழியில் அதே ஆறு அடித்திருந்தால் கழித்தபின் நாலு, 2 பாயிண்ட். மொத்தம் 36 வந்தால் உன் தகுதிக்குச் சரியாக ஆடியிருக்கிறாய்.

இந்த முறையை அமைத்தவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர். 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் இது போட்டியாக ஆடப்பட்டது. கடற்காற்று பலமாக வீசும் அந்த மைதானத்தில் ஆரம்பக் குழிகளிலேயே ஆட்டம் கெட்டுப்போனவர்கள் மனம் விட்டுவிடுவதைத் தடுக்கத்தான் இப்படி யோசித்தார். ஒரு குழியில் பத்து அடித்தாலும் போவது அந்தக் குழியின் பாயிண்ட் மட்டும்தான். அடுத்த டீ மேடையில், அதாவது அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், நம்பிக்கையோடு நிற்கலாம். குடும்பப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஹேண்டிகேப்பே கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆடினா எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

உங்களுக்குத் தனிப் பரிசு, டபுள் பியோரியா என்ற கணக்கில். ஆட்டம் தொடங்கும் முன் நான் பன்னிரண்டு குழிகளை ரகசியமாகத் தேர்ந்து, காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டிவிடுவேன். எல்லாரும் முடித்தபின் உறையைப் பிரிப்போம். அந்தப் பன்னிரண்டில் நீங்கள் அடித்ததைக் கூட்டி ஒன்றரையால் பெருக்க வேண்டும். அதிலிருந்து மைதானத்தின் பாரைக் கழித்து, மிச்சத்தில் எண்பது சதவீதம் எடுத்தால் அன்றைய ஹேண்டிகேப்.

பார் 72 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு குழியில் 76 அடித்திருந்தால், ஒன்றரை மடங்கு 114. அதில் 72 போக 42. எண்பது சதவீதம் 33.6. பதினெட்டு குழிக்கும் நீங்கள் அடித்தது 113 என்றால், கழித்தபின் 79.4. எந்தக் குழிக்கும் பாரின் இரட்டிப்புக்கு மேல் எழுத வேண்டாம். எந்தெந்தக் குழி என்று யாருக்கும் தெரியாததால் வேண்டுமென்றே மோசமாக ஆடிப் பயனில்லை. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அதனால்தான் முக்கியப் பரிசை இந்தக் கணக்கில் தருவதில்லை.

ஸ்க்ராம்பிள்ல ஒரு டீம்ல ரெண்டு நல்ல பிளேயர் சேர்ந்துட்டா என்ன பண்றது?

அணிகளை நான் பிரிக்கிறேன், புருஷன் பெண்டாட்டி ஒரே அணியில் வராதபடி. அதற்குமேல் அணிக்கும் ஹேண்டிகேப் உண்டு. நால்வரில் மிகக் குறைந்த ஹேண்டிகேப்பில் 25 சதவீதம், அடுத்தவருடையதில் 20, அடுத்து 15, கடைசியில் 10. ஹேண்டிகேப் 8, 16, 24, 36 என்று நாலு பேர் இருந்தால் 2, 3.2, 3.6, 3.6 சேர்ந்து 12.4, அதாவது 12. இது பதினெட்டு குழிக்கான கணக்கு, ஒன்பது குழிக்குப் பாதி. ஒவ்வொருவருடைய டீ அடியையும் ஒரு தடவையாவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது நாம் சேர்த்த விதி. இல்லாவிட்டால் புதியவர்கள் சும்மா நடந்து வருகிறவர்கள் ஆகிவிடுவார்கள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. அவ்வளவு தூரம் அடிக்க முடியுமா?

முன் டீயிலிருந்து ஆடட்டும். ஒரே குழிக்குப் பல டீ மேடைகள் இருப்பதே இதற்காகத்தான். முன் டீ பெண்களுக்கு மட்டும் என்ற பேச்சு நம் போட்டியில் வேண்டாம். தூரம் குறைவாக அடிக்கிற யாரும் அங்கிருந்து ஆடலாம், டீக்குத் தகுந்தபடி ஹேண்டிகேப் மாறுவதால் யாருக்கும் அநியாயம் இல்லை. மேடு பள்ளம் அதிகமுள்ள மைதானம் இது, உயரத்தில் மூச்சு வேறு வாங்கும். மூட்டுவலி, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் ஒன்பது குழியோடு நிறுத்திக்கொண்டால் பாதி ஆட்டத்துக்குத் தனிப் பரிசு இருக்கிறது.

குழந்தைங்களை எத்தனை வயசுல ஆட விடுவீங்க?

பட்டிங் போட்டிக்கு வயது வரம்பில்லை. மைதானத்துக்குள் ஆட, நிற்கச் சொன்னால் நிற்கிற வயது வந்திருக்க வேண்டும். மட்டை வீசுகிறவருக்குப் பின்னால் குழந்தை ஓடி வருவதுதான் கோல்ஃபில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆடாத பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். "ஃபோர்" என்றால் பந்து வருகிறது என்ற எச்சரிக்கை, அப்படி யாராவது கத்தினால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கைகளால் மூடிக் குனியச் சொல்லிக் கொடுத்து அழைத்து வாருங்கள்.

கேடி அவசியமா? நானே பையைத் தூக்கிக்கறேனே.

தூக்கலாம், ஆனால் கேடி அண்ணன் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த மைதானத்தில் எந்தச் சரிவில் பந்து எங்கே ஓடும், மூடுபனியில் கிரீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கிரீனில் உங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் சாய்வதாகத் தெரியும், அவர் வலப்பக்கம் சாய்கிறது என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அவர்களை மரியாதையாக நடத்துவது நம் போட்டியின் முதல் விதி. ஆட்டம் முடிந்து நாம் சாப்பிடும்போது அவர்களுக்கும் அதே சாப்பாடு, கூலி அன்றைக்கே கையில். இந்திய கோல்ஃபில் பல நல்ல ஆட்டக்காரர்கள் கேடிகளாக இருந்து வந்தவர்கள். 2009இல் இந்திய ஓபனை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக வேலை பார்த்தவர்.

பின்னாடி வர்ற குரூப் அவசரப்படுத்துது. எவ்வளவு நேரத்துல முடிக்கணும்?

பதினெட்டு குழிக்கு நாலரை மணி நேரம். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், 2019க்கு முன் ஐந்தாக இருந்தது. தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று காத்திருக்காமல், தயாராக இருப்பவர் அடிக்கலாம். பாயிண்ட் வர வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள், ஸ்டேபிள்ஃபோர்டில் அதற்குத் தண்டனை இல்லை, மேலே சொன்னபடி அந்தக் குழிக்குப் பூஜ்யம், அவ்வளவுதான்.

முதல் அடி சொதப்பிருச்சுன்னா இன்னொண்ணு அடிக்கக் கூடாதா? நம்ம வீட்டு ஆட்டம்தானே!

சனிக்கிழமை ஒவ்வோர் அணிக்கும் ஒரு மறு அடி உண்டு, முதல் டீயில் மட்டும். குழிக்கு ஒரு பட்டர் நீளத்துக்குள் பந்து இருந்தால் விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டும் கிடையாது.

நம்ம வீட்டு ஆட்டம் என்பதால்தான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். சலுகை எதுவானாலும் காலையிலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவோம். மைதானத்தில் போய் ஆளுக்கு ஒரு சலுகை கொடுத்தால், கொடுத்தவர் மறந்துவிடுவார், கிடைக்காதவர் மறக்கமாட்டார். பெரியப்பாவுக்கு ஒரு மறு அடி விட்டார்கள், எனக்கு விடவில்லை என்ற குறை அடுத்த விசேஷம் வரைக்கும் வரும். வெளியாட்களோடு ஆடுகிற போட்டியில் ஒரு நாள் கோபத்தோடு போகும். இங்கே நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும்.

என் பந்துக்குப் பக்கத்துல காட்டுமாடு நிக்குது. என்ன பண்ண?

விலகி வந்துவிடுங்கள். காட்டுமாடுகள் அந்த மைதானத்தில் மேய்வது வழக்கமான காட்சி. சாதுவாகத்தான் தெரியும், ஆனால் ஒரு டன் எடை வரை வளரக்கூடிய மிருகம், மிரண்டால் நாம் ஓடித் தப்ப முடியாது. கத்துவது, கல்லெறிவது, செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போவது எதுவும் கூடாது. கேடி சொல்லும் தூரத்தில் நில்லுங்கள்.

விதியும் உங்கள் பக்கம்தான். ஆபத்தான மிருகத்தால் ஆட முடியாத நிலை வந்தால் தண்டனை இல்லாமல் வேறு இடத்தில் பந்தை இடலாம். ஆபத்து இல்லாத மிகக் கிட்டமான இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல். விஷப் பாம்புக்கும் தேனீக் கூட்டத்துக்கும் இதே விதி. மாட்டுக்கூட்டம் கிரீனையே மறித்துப் படுத்திருந்தால், நம் போட்டியில் அந்தக் குழியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். அதற்கு 2 பாயிண்ட் எழுதிக்கொள்ளுங்கள்.

பந்து மாட்டு மேலயே பட்டுட்டா? குரங்கு தூக்கிட்டுப் போயிட்டா?

தெரியாமல் பட்டுவிட்டால் தண்டனை இல்லை, பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆட வேண்டும். கிரீனில் பட்டரால் தட்டிய பந்து கிரீனிலேயே ஒரு மிருகத்தின் மேல் பட்டால் மட்டும் அந்த அடி கணக்கில் வராது, மறுபடி தட்ட வேண்டும்.

நின்றுகொண்டிருந்த பந்தைக் குரங்கோ காக்கையோ நாயோ தூக்கிப் போனால், இன்னொரு பந்தை அதே இடத்தில் வைத்து ஆடலாம், தண்டனை இல்லை. ஆனால் தூக்கிப் போனதை யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். "பந்தைக் காணோம், குரங்குதான் எடுத்திருக்கும்" என்றால் அது தொலைந்த பந்துதான்.

மாட்டுக் குளம்புப் பள்ளத்துல பந்து கிடக்குது. அதுலருந்து எடுக்கலாம்ல?

ஃபேர்வேயிலும் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல்லை வெட்டிய பகுதி) ரஃபிலும் (அதற்கு வெளியே புல் வளர்ந்த பகுதி) முடியாது. மிருகம் தோண்டிய வளை என்றால் தண்டனை இல்லாமல் பந்தை எடுத்து வேறு இடத்தில் இடலாம். குளம்புத் தடம் வளை ஆகாது, கிடக்கிறபடியே ஆட வேண்டும். கிரீனில் கதை வேறு. அங்கே குளம்புத் தடங்களைச் சரிசெய்துவிட்டுத் தட்டலாம்.

சாணம் பக்கத்தில் கிடந்தால் காய்ந்த இலை, குச்சி மாதிரிதான், எடுத்துப் போடலாம். எடுக்கும்போது பந்து நகர்ந்தால் கிரீனுக்கு வெளியே ஓர் அடி தண்டனை, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். எனவே பந்துக்கு அடியில் இருப்பதைத் தொடாதீர்கள்.

எல்லைக்கு வெளியே போயிட்டா திரும்ப டீக்கு நடந்து போகணுமா? நேரமாகுமே.

முறையான விதி அதுதான், ஓர் அடி தண்டனையோடு அடித்த இடத்திலிருந்தே மறுபடி. நாம் விதிப்புத்தகம் அனுமதிக்கிற மாற்று ஏற்பாட்டை வைத்திருக்கிறோம். பந்து எல்லை தாண்டிய இடத்துக்கு நேராக, குழிக்கு அருகில் போகாமல், ஃபேர்வே ஓரத்துக்கு வந்து பந்தை இட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அடி தண்டனை. டீயில் அடித்தது வெளியே போயிருந்தால் அடுத்து அடிப்பது நாலாவது அடி. தொலைந்த பந்துக்கும் இதேதான்.

மச்சானும் நானும் ஒரே பையை வச்சு ஆடலாமா?

சனிக்கிழமை ஆடலாம். ஞாயிறு முடியாது. தனிநபர் ஆட்டத்தில், அன்று மைதானத்தில் ஆடுகிற இன்னொருவருடைய மட்டையை எடுத்து அடித்தால் தண்டனை. ஒருவருக்கு அதிகபட்சம் பதினாலு மட்டை என்பதால், நிறைய வைத்திருப்பவர்கள் காலையிலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஆறேழு இருந்தாலே நன்றாக ஆடலாம்.

மூடுபனி இறங்கிட்டா?

முன்னால் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிக்காதீர்கள். நிறுத்தியாகிவிட்டது என்று தகவல் வந்தால் பந்து இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டுக் காத்திருங்கள், பெரும்பாலும் அரை மணியில் விலகும். இடி மின்னல் என்றால் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிடத்துக்கு வாருங்கள். மரத்தடி வேண்டாம். ஒன்பது குழிக்குமேல் எல்லாரும் முடிக்க முடியாமல் போனால், எல்லாரும் முடித்த குழிகளை வைத்து முடிவு.

பரிசுப் பணம் எவ்வளவு?

பணம் இல்லை. ஹேண்டிகேப் போட்டியில் அமெச்சூர் (தொழில்முறையாக ஆடாத) ஆட்டக்காரர் ரொக்கப் பரிசு வாங்கக் கூடாது என்பது அமெச்சூர் தகுதி விதி. பொருளாக வாங்கினாலும் 1,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டக் கூடாது. நம் பிள்ளைகளில் இரண்டு பேர் ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறார்கள், அவர்களுக்கு எந்தச் சிக்கலும் வரக் கூடாது.

வெற்றியாளருக்குப் பித்தளைச் சொம்பு. கல்யாணச் சீர் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே, மதுரையில் பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயரும் வருடமும் வெட்டித் தருகிறார்கள். ஒரு வருடம் வெற்றியாளர் வீட்டில் இருக்கும், அடுத்த பொங்கலுக்குப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவர வேண்டும். வெட்டிய பெயர்களின் மேல் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், முதல் வரிசை மங்கத் தொடங்கிவிட்டது.

ஒரே அடியில குழியில போட்டுட்டா?

பந்தை எங்களிடம் கொடுங்கள், தேதி எழுதிச் சட்டம் போட்டுத் தருகிறோம். சாதாரண ஆட்டக்காரருக்கு 12,500 முயற்சியில் ஒன்று என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அடித்தவர் எல்லாருக்கும் வாங்கிக்கொடுப்பது கோல்ஃப் வழக்கம். நம் கூட்டத்தில் அது காபியும் பஜ்ஜியும்.

ரெண்டு பேர் ஒரே பாயிண்ட் வாங்கினா?

கடைசி ஒன்பது குழியில் யார் அதிகம் என்று பார்ப்போம். அதுவும் சமம் என்றால் கடைசி ஆறு, பிறகு மூன்று, பிறகு பதினெட்டாவது குழி. அதிலும் சமம் என்றால் இரண்டு பெயரும் சொம்பில் ஏறும், ஆறாறு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

ஒருத்தர் ஹேண்டிகேப்பை வேணும்னே ஏத்தி வச்சிருக்கார்னு தோணுது. கேட்கலாமா?

நேரில் கேட்காதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். நல்ல ஃபார்மில் ஒரு நாள் 40 பாயிண்ட் வருவது சகஜம், அதற்காக யாரையும் சந்தேகப்படக் கூடாது. அதற்கென்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. சொம்பு வாங்கியவருக்கு அடுத்த வருடம் ஹேண்டிகேப்பில் இரண்டு குறையும், 42க்கு மேல் வாங்கியிருந்தால் நாலு குறையும். யாரென்று பார்ப்பதில்லை. சந்தேகம் உண்மையோ பொய்யோ, கணக்கு தானாக நேராகிவிடும்.

கூட ஆடுற பெரியவர் ஒரு அடியைக் குறைச்சு எழுதுறார். வயசுல மூத்தவர், எப்படிச் சொல்றது?

நம் போட்டியில் யாரும் தன் அட்டையைத் தானே எழுதுவதில்லை. உங்கள் அட்டையை அவர் எழுதுவார், அவருடையதை நீங்கள். அதனால் ஒவ்வொரு குழி முடிந்ததும், அடுத்த டீக்கு நடக்கும்போதே "மாமா, உங்களுக்கு ஆறு எழுதிக்கவா?" என்று கேளுங்கள். ஐந்து என்று அவர் சொன்னால், "டீயில ஒண்ணு, மரத்துக்குப் பக்கத்துல ரெண்டு, பங்கர்ல..." (பங்கர் என்றால் மணல் பள்ளம்) என்று கூடவே எண்ணிப் பாருங்கள். அநேகமாக அவரே "ஆமா, பங்கரை விட்டுட்டேன்" என்பார். ரஃபில் ஏழெட்டு அடித்துவிட்டு வருகிற எவருக்கும் எண்ணிக்கை தவறும், பெரும்பாலும் அது மறதிதான். பதினெட்டு குழி முடிந்த பிறகு மூன்றாவது குழியைப் பற்றிக் கேட்டால்தான் அது குற்றச்சாட்டாக மாறும்.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் அந்தக் குழிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அட்டையில் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் வாருங்கள். கேடியிடமும் கூட ஆடிய மற்றவர்களிடமும் கேட்டு நான் முடிவு சொல்வேன், அதுவே இறுதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் ஒரு குழியில் எழுதியது குறைவு என்று தெரிந்து, அதனால் பாயிண்டும் கூடியிருந்தால், விதிப்படி அவர் போட்டியிலிருந்தே விலக்கப்படுவார். ஓர் அடிக்காக மூத்தவர் ஒருவர் அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது கூட ஆடுகிறவரின் பொறுப்பு.